இனி அவன் யாருக்குப் பயப்படணும்?

2009 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, பிரேயர் முடிந்ததும் ஒரு பையனை எல்லோருக்கும் முன்னால் வரச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு. கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு பள்ளி, நான் அங்கே கணக்கு டீச்சர். பரீட்சைக் கட்டணத்துக்கென்று வசூலித்து மேசை டிராயரில் வைத்திருந்த பணத்தில் வெள்ளிக்கிழமை 640 ரூபாய் குறைந்தது. திங்கட்கிழமை காலை பைகளைச் சோதித்தபோது அவனுடைய ஜாமென்ட்ரி பாக்ஸில், வாய்ப்பாடு அச்சடித்த தாளுக்கு அடியில், எட்டாக மடித்த ஐந்து நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. மீதி 140-ல் வர்க்கி பிஸ்கட் வாங்கியிருக்கிறான், பாட்டிக்கு இருமல் மருந்தும் வாங்கியிருக்கிறான். பணத்தை அவன்தான் எடுத்தான். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. நான் சொல்ல வருவது ஒரு நிரபராதியின் கதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நல்ல மஞ்சுமூட்டம். கடைசி வரிசைப் பிள்ளைகள் தெரியவே இல்லை. சுமார் நானூறு பேர் நின்றிருந்தார்கள். நான் மைக்கில் சொன்னேன்: “இவனைப் பார்த்து வெச்சுக்கோங்க. இனிமே உங்க பொருள் எது காணாம போனாலும் முதல்ல இவன்கிட்ட கேளுங்க.” அவன் அழவில்லை. ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து விரல்களை மறைத்துக்கொண்டே நின்றான். அந்தக் கையில் பின்னல் பிரிந்து ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

சாயங்காலம் அவனுடைய அம்மாயி, அம்மாவைப் பெற்ற பாட்டி, வந்தார். தேயிலைக் காட்டிலிருந்து நேராக வந்திருந்தார், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர்களில் ஒரு குடும்பம் அது. பையனின் அப்பா இல்லை, அம்மா திருப்பூரில் வேலை. என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“டீச்சரம்மா, அவன் எடுத்தது தப்புத்தான். எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா நானே நாலு சாத்து சாத்தியிருப்பேன். இத்தன பேருக்கு முன்னால நிப்பாட்டிட்டீங்களே. இனி அவன் யாருக்குப் பயப்படணும்?”

அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. பயப்படுவதற்குத்தானே நிற்க வைத்தேன் என்று நினைத்தேன். அந்த அம்மா சொன்ன பயம் வேறு. நம்மைப் பற்றி நல்லவிதமாக நினைக்கிற ஒருவர் நாளைக்கு நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்கிற பயம். எல்லோருமே கெட்டவன் என்று நினைத்தாகிவிட்டால் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை.

நவம்பரில் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கோழி காணாமல் போனால் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். கேஸ் ரெகுலேட்டர் காணவில்லை என்றாலும் அவன். ஒருமுறை கோயில் எண்ணெய் டின் காணாமல் போனதற்கு அவனை அடித்தே விட்டார்கள். பிறகு பார்த்தால் கரடி வந்து டின்னை இழுத்துக்கொண்டு போய்ப் புதரில் நக்கிப் போட்டிருந்தது. கோத்தகிரியில் இருப்பவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. எண்ணெய் வாசனைக்குக் கரடி சத்துணவுக் கூடக் கதவையே பெயர்க்கும். ஆனாலும் அடித்தவர் யாரும் அவனிடம் போய்த் தப்பாகிவிட்டது என்று சொல்லவில்லை. என் காதுக்கு இதெல்லாம் வந்தது. நான் எதுவும் செய்யவில்லை.

2012-ல் பச்சைத் தேயிலைத் திருட்டுக் கேஸில் பிடிபட்டான். ராத்திரியில் சிறு விவசாயிகளின் தோட்டத்தில் புகுந்து, கத்தரியால் கொழுந்தும் முற்றலுமாகச் சேர்த்து வெட்டி, மூட்டை கட்டி, விடிவதற்குள் தள்ளிவிடுகிற வேலை. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு ராத்திரியில் அந்தச் சுற்றுப் பறிப்பே போய்விடும். வலி சின்னது இல்லை. உடன் இருந்த மூன்று பேரும் வயதில் பெரியவர்கள். ஊரில் வேறு யாரும் பக்கத்தில் சேர்க்காத பையனை அவர்கள் மட்டும்தான் சேர்த்துக்கொண்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அம்மாயி மறுபடியும் என்னிடம்தான் வந்தார். ஸ்டேஷனில் அவன் வயதை 19 என்று எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். அவனுக்கு 17 கூட முடியவில்லை. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பிறந்த தேதிச் சான்று எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு தாளால்தான் பெரியவர்களுக்கான சிறைக்குப் போகாமல், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போனான். இதைப் படிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளை பிடிபட்டால் வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் பள்ளிச் சான்றைத் தேடுங்கள். வயதுக்கு முதலில் கேட்கப்படுவது அதுதான். அது இல்லாதபோதுதான் நகராட்சி, பஞ்சாயத்து பிறப்புச் சான்று. அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

விசாரணையில் இருக்கிற பிள்ளைகளைத் தங்க வைக்கிற கோவை கூர்நோக்கு இல்லத்தில் 19 நாள் இருந்தான். அந்தச் சமயத்தில் நன்னடத்தை அலுவலர் ஒருவர் விசாரணைக்காக லைனுக்கு வந்தார், அப்புறம் பள்ளிக்கும் வந்தார். அவர் திருட்டைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “இவன் யார் வீட்ல உட்காந்து சாப்பிடுவான்? ஸ்கூல நிப்பாட்டின அன்னிக்கு யாராவது கூப்பிடப் போனாங்களா?” இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் ஸ்டாஃப் ரூமில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம்தான் அஞ்சல் வழியில் சமூகவியல் எம்.ஏ. சேர்ந்தேன். கணக்கு டீச்சருக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு அம்மாயியின் கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது.

பாடத்தில் அது இருந்தது. 1951-ல் எட்வின் லெமர்ட் என்கிற அமெரிக்கச் சமூகவியலாளர் சமூக விதிகளிலிருந்து விலகி நடப்பதை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். முதல் வகை, பல காரணங்களால் யாருக்கும் நேர்கிற தவறு. அதைச் செய்தவர் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொள்வதில்லை. இரண்டாம் வகை, சுற்றியிருப்பவர்கள் அதற்குக் காட்டுகிற எதிர்வினையைத் தாங்கித் தாங்கி, கடைசியில் அந்தப் பட்டத்தையே தன் அடையாளமாக எடுத்துக்கொண்டு செய்வது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. 640 ரூபாய் முதல் வகை. தேயிலை மூட்டை இரண்டாம் வகை. நடுவில் இருந்தது என் மைக்.

இன்னொருவர் டிராவிஸ் ஹிர்ஷி. 1969-ல் அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஆட்கள் ஏன் தப்புச் செய்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, பெரும்பாலானோர் ஏன் செய்யாமல் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான்கு பிணைப்புகளைச் சொன்னார். மனசுக்கு நெருக்கமானவர்கள், இழந்துவிடக் கூடாது என்று சேர்த்து வைத்த ஏதோ ஒன்று, பொழுதைப் பிடித்து வைத்திருக்கிற வேலை, இந்த விதிகள் நியாயமானவை என்கிற நம்பிக்கை. எங்கள் லைனில் இதைப் பொருத்திப் பார்த்தேன். அவனுக்கு இருந்த நெருக்கம் அம்மாயி. சேர்த்து வைத்திருந்தது பள்ளியில் இருந்த பெயர். எட்டாம் வகுப்பில் மாறுவேடப் போட்டியில் பரிசு வாங்கியவன் அவன். பொழுது பள்ளியில் போனது. அந்த ஒரு காலையில் நான் அறுத்தது ஒன்றை மட்டும் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

சுற்றுலாப் பயணிகளை வைத்து இதை என் வகுப்பில் சொல்வேன். நீலகிரியில் 2000-களின் தொடக்கத்திலேயே பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துவிட்டது. பர்லியாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அபராதம் போடுகிறார்கள். 2024 மே 7 முதல் இ-பாஸும் இருக்கிறது. அப்படியும் வளைவில் காரை நிறுத்தி பாட்டிலை எறிகிறவர் இருக்கிறார். அவரே தன் தெருவில் அப்படிச் செய்ய மாட்டார். அங்கே பக்கத்து வீட்டு மாமி பார்ப்பார். இங்கே அவரை யாருக்கும் தெரியாது. இதில் இன்னொன்றும் உண்டு, அது எனக்குக் கோபம் வரவைப்பது. வியூ பாயின்ட்டில் பாட்டிலை உடைக்கிற கார் பையனை “பசங்க அப்படித்தான்” என்று விட்டுவிடுகிற ஊர், அதே பாட்டிலை லைன் பையன் உடைத்தால் ரவுடி என்கிறது. செயல் ஒன்றுதான். ஒருவனுக்கு அது அன்றோடு போகிறது, இன்னொருவனுக்குப் பெயராக ஒட்டிக்கொள்கிறது.

ஒரு கூட்டத்துக்கே அரசு இப்படிப் பெயர் வைத்ததும் நம் நாட்டில் நடந்தது. 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதிக்காகவே கைரேகை பதிந்து, இரவில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வைத்தார்கள். 1952-ல் சட்டம் நாடு முழுக்கப் போய்விட்டது. அந்தப் பேச்சு போக இன்னும் எத்தனை தலைமுறை ஆகுமோ.

சரி, கண்டிக்கவே கூடாதா என்று கேட்பார்கள். கண்டிக்க வேண்டும். எப்படி என்பதை நான் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பார்த்தேன். என் மாணவி ஒருத்தியின் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது பக்கத்தில் ஊர்க் கூட்டம் நடந்தது. படுகர் பையன் ஒருவன் பங்காளி வீட்டு உருளைக்கிழங்கு மூட்டையை எடுத்து விற்றிருந்தான். ஊர்த் தலைவரான கௌடரும் பெரியவர்களும் அவனை நன்றாகத் திட்டினார்கள், சத்தமாகவே. மூட்டைக்கான பணமும் கோயிலுக்குக் காணிக்கையும் கட்டச் சொன்னார்கள். அவன் தலை குனிந்து ஒத்துக்கொண்டான். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அவன் ஒவ்வொரு பெரியவர் முன்பும் போய்க் குனிந்தான், அவர்கள் அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொன்னார்கள், கிழங்கைப் பறிகொடுத்தவரும் உட்பட. பிறகு எல்லோருக்கும் காபி வந்தது, அவனுக்கும் வந்தது. ஜான் பிரெய்த்வைட் என்கிற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 1989-ல் எழுதினதை அங்கே என் கண்ணால் பார்த்தேன். வெட்கப்பட வைத்துவிட்டுத் திரும்பச் சேர்த்துக்கொள்வது வேறு, வெட்கப்பட வைத்துத் தள்ளிவிடுவது வேறு என்கிறார் அவர். முதலாவது குற்றத்தைக் குறைக்கும், இரண்டாவது கூட்டும்.

ஊர்க் கூட்டம் எல்லாமே நல்லது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கை உள்ளூர்க்காரன் தலைக்குத்தான். கூலிக்கு வந்தவனுக்கு அங்கே இடமில்லை. பெண் வேறு சாதியில் கல்யாணம் செய்தால் தள்ளி வைக்கிற கூட்டங்களும் தமிழ்நாடு முழுக்க உண்டு. அடிதடி, பாலியல் தொந்தரவு என்று வந்தால் பேசி முடிக்கிற பேச்சே கூடாது. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே 2012 போக்சோ சட்டப்படி குற்றம். நான் சொல்வது முதல் தடவை நடக்கிற சின்னத் திருட்டு, சேதம், பொய் ஆகியவற்றைப் பற்றி மட்டும்தான்.

2018-ல் எனக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. எட்டாம் வகுப்புப் பையன், ஆசிரியை ஒருவரின் செல்போனை எடுத்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை, லேப் கதவைச் சாத்தினது. உள்ளே அவனும் நானும் மட்டும். “நீ திருடனா?” என்று கேட்கவில்லை. “போன் எங்க இருக்கு, எடுத்ததால யாருக்கு என்ன கஷ்டம் ஆச்சு?” என்றேன். இரண்டாவது கேள்விக்குத்தான் அழுதான். அந்த ஆசிரியையின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார், அந்தப் போனுக்குத்தான் தகவல் வரும். அவனுக்கு அது தெரியாது.

அப்புறம், அவன் யார் பேச்சுக்குக் கட்டுப்படுவான் என்று விசாரித்தேன். அப்பா இல்லை, தாய்மாமன். பிக்கப் ஓட்டுகிறவர். அவரை வரவழைத்து, பையனை வைத்துக்கொண்டே பேசினோம். போனைக் கொடுத்து, ஆசிரியையிடம் நேரில் மன்னிப்புக் கேட்டான். திரை கீறியிருந்தது, மாற்ற 900 ரூபாய். மாமாவே கொடுக்க வந்தார். நான் வேண்டாம் என்றேன். பையனே நான்கு சனிக்கிழமை மாமாவோடு லோடு ஏற்றி இறக்கப் போனான், அந்தக் காசிலிருந்து அவனே கொடுக்கட்டும் என்று முடிவு. ஐந்தாவது திங்கட்கிழமை, இது சம்பந்தமாக எழுதின ஒரே தாளை அவன் முன்னால் கிழித்துப் போட்டேன். “முடிஞ்சுது” என்றேன். அந்த வாரமே வகுப்பு வருகைப் பதிவேட்டை ஆபீஸுக்குக் கொண்டுபோகிற வேலையை அவனிடம் கொடுத்தேன். ஒரு சக ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். பையன் அந்தப் பதிவேட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவான்.

இதில் கஷ்டமான பகுதி அந்தத் தேதிதான். தண்டனை என்றைக்கு முடிகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொன்ன நாளில் முடிக்கவும் வேண்டும். அதற்குப் பிறகு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அவரைக் கண்டிக்க வேண்டும், பெரியவராக இருந்தாலும்.

இப்போது பிரேயர் மேடை வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பேக்கரியில் ஒரு சாக்லேட் காணவில்லை என்றால் சிசிடிவி படத்தை ஊர் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள், பிள்ளையின் முகத்தோடு. தயவுசெய்து போடாதீர்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, விசாரணைக்குள் வந்த பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட ஆகலாம். போலீஸ் வரை போனாலும், தண்டனை ஏழு வருடத்துக்குக் குறைவான குற்றமாக இருந்து பெரியவர்கள் கூட இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர். பதிவதில்லை, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதி, பையனின் குடும்பப் பின்னணியோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். விலங்கு மாட்டக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நல போலீஸ் அலுவலர் இருக்க வேண்டும், அவரைக் கேளுங்கள். ஒன்றும் புரியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். நான் பிரேயரில் செய்ததும், 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிற மனரீதியான துன்புறுத்தலில்தான் வரும். எட்டு மாதம் முந்தி நடந்துவிட்டதால் அது சரியாகிவிடாது.

முதல் பையனுக்கு வருகிறேன். குழுமம் அவனை அம்மாயியிடமே ஒப்படைத்தது. அதற்குப் பிறகு அவன் எதிலும் மாட்டவில்லை. திருப்பூர், மேட்டுப்பாளையம் என்று கிடைத்த வேலைக்குப் போனான். அம்மாயி படுத்த படுக்கையானதும் திரும்பி வந்தான்.

2022 மே மாதம் நீலகிரியில்தான் முதலில் அந்தத் திட்டம் வந்தது. டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருவார்கள். காட்டுக்குள் உடைத்துப் போடுகிற பாட்டில் யானைக் காலில் ஏறுகிறது என்பதால் நீதிமன்றம் கேட்டு வந்த ஏற்பாடு. ஜூனில் ஒரு நாள் அரவேனு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். அவன் இரண்டு மூட்டையோடு ரோட்டோரச் சரிவிலிருந்து ஏறி வந்தான். ஸ்டிக்கர் கிழியாத பாட்டிலாகப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, ஒன்றோடொன்று மோதாமல் இடையில் காய்ந்த புல் வைத்துக் கட்டியிருந்தான். விரலெல்லாம் கீறல். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பி நின்றான்.

ஸ்டாப்பில் இருந்த ஒருவர் கேட்டார், “எங்கடா அடிச்ச மூட்டை இது?” ரெண்டு பேர் சிரித்தார்கள். பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது.

அவன் பேசவில்லை. சட்டைக் கையை இழுத்து விரலை மூடினான்.

நான் பேசினேன். குரல் நடுங்கியது, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினேன். “இவனுக்கு அந்தப் பேரை வெச்சது நான். பதினாலு வயசுப் பையன் 640 ரூபா எடுத்தான், அதுல 500 அன்னிக்கே திரும்ப வந்துருச்சு. ஸ்கூல் முன்னாடி நிக்க வெச்சு நான் சொன்னது தப்பு. தம்பி, என்னை மன்னிச்சிரு.”

அங்கே பத்துப் பேர்தான் இருந்தார்கள். நானூறு பேரை என்னால் திரும்பக் கூட்ட முடியாது. கேட்டவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் வெகுநேரம் ரோட்டையே பார்த்தான். கீழே வளைவில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது.

“அம்மாயி இருந்தப்ப வந்து சொல்லியிருக்கலாம் டீச்சர்” என்றான். பிறகு, “மூட்டையை அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க. பாத்து, உடைஞ்சது ஒண்ணு ரெண்டு இருக்கும்.”

நான் பிடித்தேன்.